கறுப்புத் தொட்டி இறங்கவே இல்லை: போட்டோ கேக்குக்கு பிரிண்டர் எடுத்த கதை

தூத்துக்குடியில் பிரிண்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வக்கீல் ஆபீஸ், ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, இவைதான் என் பிழைப்பு. தின்கிற தாளில் அச்சடிக்கிற மிஷினை நான் தொட்டது அண்ணன் வீட்டால்தான். மதினி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். அதற்கு பிரிண்டர் எடுத்தது, எடுத்த பிறகு கெடுத்தது, மறுபடி சரிசெய்தது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். கெடுத்ததில் என் பங்கு கொஞ்சம் அதிகம்.

மதினிக்கு வாரம் நாலைந்து போட்டோ கேக் ஆர்டர் வரும். சாயங்காலம் வாட்ஸப்பில் படத்தை திருநெல்வேலியில் ஒரு கடைக்கு அனுப்பினால், மறுநாள் பஸ் பார்சலில் அச்சடித்த தாள் வந்து சேரும். தாள் 120 ரூபாய், பார்சலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வருவதற்கும் 50. ஓடிக்கொண்டுதான் இருந்தது, சித்திரையில் ஒரு அறுபதாம் கல்யாண கேக் வரும் வரை.

அன்றைக்கு வழக்கமான சர்க்கரைத் தாள் கடையில் இல்லை. வேஃபர் தாளில் அடித்து அனுப்பிவிட்டார்கள். மதினிக்கு அது தெரியவில்லை. எப்போதும் போல ராத்திரியே விப் க்ரீம் மேல் ஒட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். காலையில் எனக்குப் போன்.

“தம்பி, மீசை கன்னத்துல இறங்கிட்டு. அந்தம்மா மூஞ்சி பூரா சுருக்கம். பத்து மணிக்கு மண்டபத்துல குடுக்கணும், என்ன செய்யட்டும்?”

எனக்கு என்ன தெரியும்? படத்தை எடுத்துவிட்டு பேர் மட்டும் எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். பாதிப் பணம்தான் வந்தது. அந்த வாரமே, “சொந்தமா ஒரு பிரிண்டர் போட்டுருவோமா?” என்று கேட்டார்.

அதற்குள் ஆன்லைனில் ஒரு பார்சலைப் பார்த்து வைத்திருந்தார். “கேக் பிரிண்டர்” என்று பேர் போட்டு பிரிண்டர், மை, ஐம்பது தாள் எல்லாம் சேர்த்து ஒரே விலை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் தினம் திறந்து மூடுகிற அதே இங்க் டேங்க் பிரிண்டர், தொட்டியில் மை ஊற்றி நிரப்புகிற வகை. மேலே ஒரு கப்கேக் ஸ்டிக்கர். விலை மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. “இதை எடுக்காதீங்க மதினி. முதல்ல தாளைப் பாப்போம்” என்றேன். மீசை இறங்கியதற்கு பிரிண்டர் காரணமில்லை என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அச்சு நன்றாகத்தான் இருந்தது. தண்ணீரைக் குடிக்கிற தாளை ஈரத்தின் மேல் ஒரு ராத்திரி முழுக்கப் போட்டதுதான் தப்பு.

தாள்

வேஃபர் தாள் என்பது உருளைக்கிழங்கு மாவுச்சத்தும் தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துச் சுட்ட மெல்லிய அப்பளம் மாதிரி. விலை குறைவு, நாங்கள் வாங்கியது ஒன்று 15 ரூபாய். சர்க்கரைத் தாள், ஐசிங் ஷீட் என்றும் சொல்வார்கள், சர்க்கரை மாவை மெல்லத் தேய்த்து பிளாஸ்டிக் தாள் மேல் படிய வைத்தது. ஒன்று 70 ரூபாய் ஆனது. வேஃபர் லேசான பழுப்பு, அதில் நிறம் கொஞ்சம் மங்கித்தான் விழும். சர்க்கரைத் தாள் நல்ல வெள்ளை. வெள்ளை மை என்று இந்த மிஷின்களில் ஒன்று கிடையாது. படத்தில் வெள்ளை வேண்டிய இடத்தில் தாளின் நிறம்தான் தெரியும், அதனால் முகம் பளிச்சென்று வர சர்க்கரைத் தாள்தான் நல்லது.

இதெல்லாம் கேள்விப்பட்டதுதான். மதினியின் க்ரீமில், எங்கள் ஊர் ஈரக்காற்றில் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டியிருந்தது. திருநெல்வேலிக் கடையிலேயே ஒரே படத்தை நான்கு தாளில் அடித்து வாங்கினோம். நான்கு சின்ன கேக், எல்லாவற்றிலும் அதே விப் க்ரீம். முதலாவதில் வேஃபரை நேராக வைத்தோம். இரண்டாவதில் பின்பக்கம் நியூட்ரல் ஜெல், கேக் மேல் பூசுகிற நிறமில்லாத ஜெல், தடவி ஒட்டினோம். மூன்றாவதில் உருக்கிய வெள்ளை காம்பவுண்ட் சாக்லேட்டை மெல்லப் பூசி, காயவிட்டு வைத்தோம். நான்காவதில் சர்க்கரைத் தாள்.

முதலாவது அரை மணி நேரத்தில் ஓரம் தூக்கிக்கொண்டது, பிறகு நடுவில் அலையலையாகச் சுருங்கியது. ஜெல் தடவியது கொஞ்சம் தாங்கியது, ஆனால் மதினி ஜெல்லைத் தாராளமாகத் தடவியிருந்த ஒரு மூலையில் தாளே கரைந்து ஓட்டை விழுந்தது. சாக்லேட் பூசியது மறுநாள் காலை வரை பலகை போல இருந்தது. கத்தி வைத்தால்தான் பிரச்சினை, ஓடு உடைகிற மாதிரி உடைந்து படம் துண்டு துண்டாகப் போனது. சர்க்கரைத் தாள் அரை மணி நேரத்தில் க்ரீமோடு ஒன்றாகி, விளிம்பே தெரியாமல் உட்கார்ந்துவிட்டது. காலையில் பார்த்தால் அதிலும் கறுப்புச் சட்டையின் ஓரம் வெள்ளைக்குள் லேசாகக் கசிந்திருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் எங்கள் ஊர்க் காற்றுக்கு கேக் மேல் முத்து முத்தாக வியர்க்கும். அந்த வியர்வைதான் மையை இழுக்கிறது.

அன்றைக்கு எடுத்த முடிவு இன்று வரை மாறவில்லை. க்ரீம் மேல் படுக்க வைக்கிற படம் எதுவானாலும் சர்க்கரைத் தாள், அதுவும் டெலிவரிக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ஒட்டுவது. குச்சியில் நிற்கிற டாப்பர், பட்டாம்பூச்சி, பேர் எழுதிய கொடி இவற்றுக்கு வேஃபர். தின்பவர்களும் இதற்கு ஒத்துப்போனார்கள். அண்ணன் மகன் வேஃபரை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, “சித்தப்பா, இது நோட்டுப் பேப்பர்” என்றான்.

மை

மை விஷயத்தில் எனக்கு இருந்த பயம் மதினிக்கு இல்லை. எனக்குத் தெரிந்த மை எல்லாம் வாயில் வைக்கக்கூடாத மை. தின்கிற மையில் தண்ணீர், கிளிசரின் அல்லது புரோப்பிலீன் கிளைக்கால், அதில் கரைத்த உணவு நிறம், கெடாமலிருக்க ஏதாவது ஒன்று இருக்கும். பாட்டிலில் மூன்று விஷயம் பார்த்தேன். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் இருக்கிறதா, நிறங்களின் எண்ணைப் போட்டிருக்கிறார்களா, பச்சைப் புள்ளி இருக்கிறதா. எங்கள் பாட்டிலில் 102, 133, 122 என்று இருந்தது. டார்ட்ராசின் மஞ்சள், பிரில்லியன்ட் புளூ, கார்மோய்சின் சிவப்பு, மூன்றும் இங்கே உணவில் அனுமதிக்கப்பட்டவை. “ஃபுட் கிரேடு” என்று பெரிய எழுத்தில் மட்டும் போட்டு, உள்ளே என்ன என்று ஒரு வரி கூட இல்லாத பாட்டில் ஒன்று பாதி விலைக்கு வந்தது. திருப்பி அனுப்பிவிட்டோம். பச்சைப் புள்ளியை தாள் பாக்கெட்டிலும் பார்க்கச் சொன்னேன். முட்டையில்லா கேக் கேட்கிறவர்களிடம் மேலே ஒட்டிய தாளில் ஜெலட்டின் இருந்தது என்று பிறகு சொல்ல முடியாது.

மை வாங்கும்போது எந்த மிஷினுக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். அதனால் மிஷின் பக்கம் போகிறேன்.

மிஷின்

லேசர் பிரிண்டர் ஆகுமா என்று அண்ணன் கேட்டான். ஆகாது. டோனர் பிளாஸ்டிக் பொடி, அதைச் சூட்டில் உருக்கித்தான் தாளில் ஒட்டுகிறது. இங்க்ஜெட் ஒன்றுதான் வழி.

நம் கடைகளில் கிடைக்கிற இங்க் டேங்க் மிஷின்களில் எப்சன், கேனன் இரண்டும்தான் இந்த வேலைக்கு அதிகம் போகின்றன. மையைத் தாளில் தெளிக்கிற பாகம்தான் ஹெட். எப்சன் ஹெட்டில் சூடு கிடையாது. மின்சாரம் பட்டதும் உள்ளே ஒரு படிகம் வளைந்து மைத் துளியைத் தள்ளும். கேனனில் ஒவ்வொரு நாசிலுக்கும், அதாவது மை வெளியே வருகிற துளைக்கும், பின்னால் ஒரு சின்ன ஹீட்டர். மை ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம் கொதித்துக் குமிழி கட்டி, அந்தக் குமிழி துளியை வெளியே தள்ளும். அதனால்தான் ஒன்றுக்குச் செய்த மை இன்னொன்றுக்குச் சரிப்படாது. எப்சன் ஹெட் உழைப்பாளி, என் கடைக்கு வருகிற பழைய மிஷின்களில் இன்னும் ஓடுகிறது. ஆனால் ஹெட் மிஷினோடு சேர்ந்தது. அடைத்துக்கொண்டால் பிரிப்பது என் மாதிரி ஆள் வேலை, மாற்றினால் செலவு மிஷின் விலையில் பெரும் பகுதி. கேனனின் ஜி வரிசை மிஷின்களில் கறுப்புக்கு ஒன்று, கலருக்கு ஒன்று என்று இரண்டு ஹெட், வீட்டிலேயே கழற்றி மாட்டலாம், தனியாகவும் வாங்கலாம்.

ஆபீசுக்குக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். சாப்பாட்டு மை காய்கிற மை, வாரம் ஐந்து தாள் அடிக்கிற வீட்டில் ஹெட் என்றாவது ஒரு நாள் அடைக்கும். அப்போது மதினி என் கடை திறக்கக் காத்திருக்கக் கூடாது. கழற்றுகிற ஹெட், அதாவது கேனன் ஜி வரிசை, என்று முடிவு செய்தேன். தாள் பின்பக்கத்திலிருந்து இறங்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. முன் டிரேயிலிருந்து இழுத்து உள்ளே வளைத்துத் திருப்புகிற மிஷினில் வேஃபர் நொறுங்கும், சர்க்கரைத் தாள் வெடிக்கும். கழிவு மை சேர்கிற பெட்டியை நாமே மாற்றிக்கொள்கிற புதிய மாடலாக எடுத்தால் இன்னும் நல்லது. ஹெட் கிளீனிங் கொடுக்கக் கொடுக்க மை போய்ச் சேர்வது அங்கேதான். பழைய மாடல்களில் அது நிரம்பினால் மிஷின் எர்ரர் காட்டி நின்றுவிடும்.

என் கடையில் நல்ல நிலையில் ஒரு பழைய மிஷின் இருந்தது. இரண்டாயிரத்துக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. சாதாரண மை ஒரு தரம் ஓடிய குழாயை எத்தனை தரம் கழுவினாலும் சாப்பாட்டுக்கு எடுக்க எனக்கு மனசு வராது. புதியது 13,000 ரூபாய், நான்கு நிற மை 2,400. பெட்டியோடு வந்த மையைத் திறக்காமலே தனியே எடுத்து வைத்துவிட்டு, முதல் நிரப்பலே சாப்பாட்டு மை. முதல் பத்துப் பக்கம் சாதாரணத் தாளில் அடித்து எறிந்தோம். வேறு மை ஊற்றினால் வாரன்டி கேட்க முடியாது, இந்த மிஷின் சாப்பாட்டுக்கென்று செய்ததும் கிடையாது. இரண்டையும் மதினியிடம் வாங்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

மிஷினை அடுக்களையில் வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். மாவுத் தூசி ரோலரில் படிந்தால் தாள் வழுக்கும். படுக்கை அறை அலமாரி மேல் வைத்தோம். பின் டிரேயில் ஒரு சர்க்கரைத் தாளை மறந்து விட்டுப்போன ராத்திரி, காலையில் எறும்பு வரிசையாக மிஷினுக்குள் போய்க்கொண்டிருந்தது. பதினைந்து வருஷ சர்வீசில் அப்படி ஒரு கம்ப்ளெயின்ட் நான் பார்த்ததில்லை.

பச்சை முடி

ஜூனில் ஓட ஆரம்பித்தது. தாளைப் பிளாஸ்டிக்கிலிருந்து உரிப்பதுதான் முதலில் கஷ்டமாக இருந்தது. எங்கள் காற்றுக்குத் தாள் இளகி, உரிக்கும்போது இழுபட்டு முகம் கோணியது. மதினியே வழி கண்டுபிடித்தார். ஒரு நிமிஷம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, மேஜை விளிம்பில் பிளாஸ்டிக்கைக் கீழ்நோக்கி இழுத்தால் தாள் தானாக முன்னால் நீண்டு வருகிறது.

அளவிலும் ஒரு கணக்கு இருந்தது. அரைக் கிலோ கேக்குக்கு ஆறு அங்குல வட்டம். ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர், இரண்டு ஆறு அங்குல வட்டத்துக்கு 30.48 வேண்டும். முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதற்காக ஒரு தாள் வீண். ஐந்தரை அங்குலமாகக் குறைத்தோம். இரண்டும் சேர்ந்து 28 சென்டிமீட்டருக்குள் அடங்கி, மிஷின் அச்சடிக்காமல் விடுகிற ஓரமும் தப்பியது. கேக் ஓரத்தில் மதினி போடுகிற க்ரீம் பார்டர் மீதி இடத்தை மூடிவிடும்.

ஜூலையில் ஒரு புகார் வந்தது. பிறந்தநாள் பாப்பாவின் முடி பச்சையாக இருக்கிறதாம். படத்தைப் பார்த்தேன், கறுப்பு இருக்க வேண்டிய இடம் பாசி படிந்த மாதிரி ஒரு பழுப்புப் பச்சை. மையின் குணம் அப்படி என்று நினைத்து, போனில் படத்தின் நிறத்தைக் கொஞ்சம் சிவப்புப் பக்கம் தள்ளி அனுப்பச் சொன்னேன். முடி சரியானது. முகம் வெயிலில் காய்ந்த மாதிரி ஆனது. மதினி ஒன்றும் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது இது வைத்தியம் இல்லை என்று.

ஜூலை 26 எங்கள் ஊர் பனிமய மாதா கோயில் கொடியேற்றம். ஆகஸ்ட் 5 திருவிழா முடிகிற வரை வீடு நிறைய விருந்தாள், கேக் ஆர்டர் எதுவும் எடுக்கவில்லை. பதினோரு நாள் மிஷின் சும்மா கிடந்தது. அதோடு போகவில்லை. கொடியேற்றத்துக்கு முன்னாலேயே வந்த பிள்ளைகளில் ஒன்று போன் சார்ஜ் போட, கடைசி ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரில் பிளக்கைப் பிடுங்கிவிட்டது. பவர் பட்டனில் அணைத்தால் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடியின் மேல் உட்காரும். பிளக்கைப் பிடுங்கினால் நின்ற இடத்தில் திறந்த வாயோடு காயும்.

ஆறாம் தேதி, எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று காட்டுகிற நாசில் செக் அடித்தோம். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். மஞ்சள் முழுசு. நீலத்தில் இரண்டு வெட்டு. மெஜந்தா, அதாவது சிவப்பு, பாதிக்கு மேல் இல்லை. கறுப்பு இருக்க வேண்டிய கட்டம் வெறும் வெள்ளை.

மெஜந்தா போனது ஆச்சரியமில்லை. கறுப்பு ஏன் முழுசாகப் போனது? மிஷினின் முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மூன்று கலரும் கால்வாசி இறங்கியிருக்கிறது. கறுப்பு ஜூனில் ஊற்றிய கோட்டிலேயே நிற்கிறது. இரண்டு மாதமாக ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை என்று சொல்லலாம்.

தப்பு என்னுடையது. நல்ல அச்சு வரட்டும் என்று மிஷினில் பளபளப்பு போட்டோ பேப்பர் என்று நான்தான் அமைத்துக் கொடுத்திருந்தேன். இந்த வகை மிஷினில் கம்பெனி கறுப்பு மை எழுத்துக்கான மை, பளபளப்புத் தாளில் ஒட்டாது. அதனால் போட்டோ பேப்பர் என்று சொன்னால் மிஷின் கறுப்புத் தொட்டியைத் தொடாமல், நீலம் மெஜந்தா மஞ்சள் மூன்றையும் கலந்து கறுப்பைக் கட்டும். கம்பெனி மையில் அந்தக் கலவை கறுப்பாக இருக்கும். சாப்பாட்டு நிறங்களில் அது பச்சைக்குச் சாய்கிறது. தொட்டியில் நாங்கள் ஊற்றியது வேறு மை என்பது மிஷினுக்கு எப்படித் தெரியும்? முடி பச்சையானதும் கறுப்பு ஹெட் காய்ந்ததும் ஒரே காரணம். தினம் பிரிண்டர் பார்க்கிறவன், அளவுக் கோட்டை இரண்டு மாதம் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

இரண்டு ஹெட்டையும் கழற்றினேன். டிஷ்யூவை நான்காக மடித்து, வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து, ஹெட்டின் அடிப்பக்கம் மட்டும் படும்படி வைத்தேன். தங்க நிறக் காண்டாக்டில் தண்ணீர் படக்கூடாது. கலர் ஹெட் ஐந்து நிமிஷத்தில் கசிய ஆரம்பித்தது. முதலில் மஞ்சள் கோடு, பக்கத்தில் நீலம், மெஜந்தா மட்டும் ஊசிமுனை போல ஒரு புள்ளி. டிஷ்யூவை மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் வைத்ததில் மூன்று கோடும் ஒரே அகலத்துக்கு வந்தன. கறுப்பு ராத்திரி முழுக்க வைத்தும் சாம்பல் நிறத்துக்கு மேல் வரவில்லை. அழுத்தமான கிளீனிங் கொடுத்துப் பார்க்கலாம்தான். அது தொட்டியிலிருந்து ஏகப்பட்ட மையை இழுத்துக் கழிவுப் பெட்டியில் கொட்டும், வராத ஹெட்டுக்கு அது வீண். புதுக் கறுப்பு ஹெட் ஒன்று வாங்கி மாட்டினேன். அந்தக் காசு என் கணக்கு.

இப்போது சாதாரணத் தாள், உயர்ந்த தரம் என்று அமைத்து அடிக்கிறோம். நிறம் ஒரு பிடி குறைவு. ஆனால் முடி கறுப்பாக இருக்கிறது, மை குறைவாக விழுவதால் சர்க்கரைத் தாளும் சீக்கிரம் காய்கிறது. திங்கள், வியாழன் இரண்டு நாளும் ஒரு பக்கம் அடித்தே ஆக வேண்டும் என்று மதினி அலமாரிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார். ஆர்டர் இல்லாத நாளில் அண்ணன் மகனின் ஸ்கூல் ப்ராஜெக்ட் போகும். தாளை எறும்பு மொய்க்காமல் மிஸ்ஸிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் பாடு.

காசு

வெளியே அடித்தால் ஒன்றுக்கு 170. வீட்டில் தாள் 70, மைக்குப் பத்து, ஆக 80. தாளுக்கு 90 மிச்சம். போட்ட முதல் 15,400. 172 தாள் அடித்தால் முதல் திரும்பும், வாரம் ஐந்து என்றால் முப்பத்தைந்து வாரத்துக்குள். ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டதாலும் டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிந்ததாலும் எங்களுக்கு அதற்கு முன்பே திரும்பிவிட்டது. புது ஹெட்டை இந்தக் கணக்கில் சேர்க்க மதினி விடவில்லை, “அது உங்க கொழுப்பு தம்பி” என்றார்.

போன மாதம் மதினியின் தோழி ஒருவர் ஸ்பிக்நகரிலிருந்து வந்தார். அவருக்கும் இதே மிஷின் வேண்டும். மாதம் எத்தனை போட்டோ கேக் என்று கேட்டேன். இரண்டு, சில மாதம் மூன்று என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாதம் இரண்டு தாள் அடிக்கிற வீட்டில் கேக்குக்குப் போகிற மையை விட ஹெட் கழுவப் போகிற மை அதிகமாக இருக்கும். அவர் படத்தை இப்போது மதினிக்கு அனுப்புகிறார், மினி பஸ்ஸில் தாள் போகிறது, தாளுக்கு நூறு ரூபாய். எங்கள் மிஷினுக்கும் திங்கள், வியாழன் தவிர இன்னொரு நாள் வேலை கிடைத்தது.

ஒரு கிலோவுக்கு மேல் போகிற பெரிய கேக்குக்கு ஏ4 பற்றவில்லை. எட்டு அங்குலத்துக்கு மேல் படம் கேட்டால் இன்னமும் திருநெல்வேலிக்குத்தான் அனுப்புகிறோம். சர்க்கரைத் தாள் இருக்கிறதா என்று முதலில் போன் போட்டுக் கேட்டுவிட்டு.